14 வருட அனுபவத்துக்குப் பிறகு எம்.எஸ்சி. நர்சிங்: வார்டை நடத்தக் கற்றுத்தருமா, வகுப்பறைக்குத்தான் அனுப்புமா?

சர்ஜிக்கல்_சிஸ்டர் எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளோமா முடித்து வேலைக்கு வந்து, நடுவில் டிப்ளோமா படித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டமும் முடித்து, எல்லாம் சேர்த்து 14 வருடம் ஆகிறது. இப்போது எம்.எஸ்சி. நர்சிங் சேரலாமா என்று யோசனை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கை வேலையில் எனக்குப் பயம் கிடையாது. ஆபரேஷன் முடிந்து வந்த ஆளுக்கு வைத்த டிரெயின் குழாயில் வடிந்து வருவதைப் பார்த்தே டாக்டரை இப்போது கூப்பிட வேண்டுமா, இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாமா என்று சொல்லிவிடுவேன். ஆனால் இன்சார்ஜ் ஆனதிலிருந்து அந்தத் திறமைக்கு வேலையே குறைந்துவிட்டது. ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) போடுவது, லீவு சண்டை, வார்டுக்குப் பொருள் கேட்டு இண்டென்ட் எழுதுவது, பில்லில் விட்டுப்போன பொருளுக்குப் பதில் சொல்வது, நோயாளியின் உறவினர் கத்தினால் நிற்பது, டாக்டர் கத்தினால் அதற்கும் நிற்பது. புதிதாக வருகிற பி.எஸ்சி. பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள்தான், ஆனால் ஜெர்மன் வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு பிள்ளையைப் பழக்கி முடிப்பதற்குள் அவளுக்கு விசா வந்துவிடுகிறது.

இதில் இன்னொன்று. மருத்துவமனைத் தரத்துக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். ஆடிட் நெருங்கினால் குவாலிட்டி டிபார்ட்மென்டிலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒரு தம்பி வந்து, நர்சுகள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். அவர் சொல்வது பாதி நேரம் சரியாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல். என் வார்டில் நடப்பது எனக்குத் தெரியும், ஆனால் மீட்டிங்கில் அதை எடுத்துச் சொல்ல வரவில்லை. அவர் ஒரு கிராஃபைக் காட்டியதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் சீக்கிரம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு எம்.எஸ்சி. இருந்தால் நல்லது என்று நிர்வாகத்தில் வாய்வழியாகச் சொன்னார்கள். என் கேள்வி இதுதான்: எம்.எஸ்சி. படித்தால் உண்மையிலேயே ஆட்களை வழிநடத்தத் தெரிந்துவிடுமா, இல்லை கல்லூரியில் டியூட்டர் வேலைக்குத்தான் அது உதவுமா? ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் ஏதாவது படிப்பது மேலா? நர்சுக்குக் கூடுதல் மருத்துவப் பொறுப்புக்குப் பயிற்சி தரும் நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி? பிள்ளைகள் இருவர், பெரியவள் எட்டாவது. வீட்டுக்காரர் "படி" என்கிறார். மாமியார் மட்டும் "இந்த வயசில் எதுக்கு" என்கிறார்.


ஓய்வுபெற்ற_மேட்ரன் எழுதியது:

அம்மா, உன் கேள்வியில் நான் கடந்து வந்த வருடங்களெல்லாம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கம் பதவி உயர்வு பெரும்பாலும் பணி மூப்பை வைத்துத்தான். எம்.எஸ்சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசை வரும்போதுதான் வரும். அதனால் எங்கள் ஆட்களில் பலர் எம்.எஸ்சி. முடித்ததும் நர்சிங் கல்லூரிப் பக்கம் போய்விடுவார்கள். வார்டில் இருந்தால் அந்தப் பட்டத்துக்கு மரியாதை இல்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் படித்துவிட்டு வார்டிலேயே நின்ற சிலரைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது. ஒன்று சொல்கிறேன். நைட் டூட்டிக்கு ஆள் போதவில்லை என்று நாங்கள் எல்லோரும் வருடக்கணக்கில் ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) போய் அழுதிருக்கிறோம். "எல்லா வார்டிலும் இதே கதைதான்மா" என்று அனுப்பிவிடுவார். எம்.எஸ்சி. முடித்து வந்த ஒரு பெண் அப்படிப் போகவில்லை. தன் வார்டு நோயாளிகளைத் தானாக நடப்பவர், பாதி உதவி வேண்டுபவர், முழுக்க நம் கையில் இருப்பவர் என்று தினமும் இரவு பிரித்து எழுதினாள். ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தாள். ஒரு மாதக் குறிப்பைக் கொண்டுபோய் வைத்து, பொது வார்டில் கற்பிக்கும் மருத்துவமனையென்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சில் அளவு, நம்மிடம் இரவில் இருப்பது இது, அந்த இரவுகளில் நேரம் தவறிய ஆன்டிபயாடிக் டோஸ் இத்தனை என்று காட்டினாள். 3க்கு ஒன்று எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் நைட்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக வந்தது. நாங்கள் அழுது வாங்க முடியாததை அவள் அழாமல் வாங்கினாள்.

அதே படிப்பைப் படித்துவிட்டு வந்து, "நான் எம்.எஸ்சி." என்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத ஆளையும் பார்த்தாயிற்று. மருந்து மாறிப் போட்ட பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கும்போது முதலில் நோயாளியைப் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி, அப்புறம் அந்தப் பிள்ளையையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்தவள்தான் இன்சார்ஜ். அது பாடத்தில் இருக்கிறதா என்று கல்லூரியில் இருப்பவர்கள் சொல்லட்டும். உன்னிடம் அது ஏற்கெனவே இருக்கும்போலத் தெரிகிறது. மாமியார் விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.


கல்லூரி_டீச்சர் எழுதியது:

மேடம் என்னைத்தான் கூப்பிட்டதுபோல இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் சிஸ்டர்.

எம்.எஸ்சி. நர்சிங் முழுநேரமாக இரண்டு வருடம். அஞ்சல் வழியில் கிடையாது, வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் படிக்கவும் முடியாது. பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக்கில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள், உங்களுக்கு அனுபவம் பிரச்சினையே இல்லை. முதல் வருடம் நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், ரிசர்ச்சும் புள்ளியியலும், அப்புறம் உங்கள் ஸ்பெஷாலிட்டியின் முதல் பாகம். இரண்டாம் வருடம்தான் நர்சிங் மேனேஜ்மென்ட் வருகிறது. கவுன்சில் பாடத்திட்டத்தில் அதற்குத் தியரி 150 மணி, பிராக்டிகல் 150 மணி. அதே வருடம் ஸ்பெஷாலிட்டி பிராக்டிகல் மட்டும் 950 மணி, டிசர்டேஷன் என்ற ஆய்வேட்டுக்கு 300 மணி. இதிலிருந்தே தெரியும், இது மேனேஜர்களை உருவாக்கப் போட்ட படிப்பு இல்லை. முதலில் ஸ்பெஷலிஸ்ட், அடுத்து டீச்சர், அதற்கப்புறம்தான் நிர்வாகி என்ற வரிசையில் போட்டது.

அந்த 150 மணி பிராக்டிகலும் பல கல்லூரிகளில் எப்படிப் போகிறது என்றால், இல்லாத ஒரு வார்டுக்கு ரோஸ்டர் போட்டு, இல்லாத ஒரு ஆஸ்பத்திரிக்கு பட்ஜெட் போட்டு, ஜிகினாத் தாள் ஒட்டிய ஃபைலாக வைத்து மார்க் வாங்குவது. நேற்று பி.எஸ்சி. முடித்து வந்த பிள்ளைக்கு வேறு வழியில்லை, அது வார்டை நடத்திப் பார்த்ததில்லை. நீங்கள் வருடக்கணக்காக நிஜ ரோஸ்டர் போட்டவர். உங்களைப் போன்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்தால் அந்தப் பாடமே மாறிவிடும். ஆள் எடுப்பது, மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, சட்டப் பொறுப்பு என்று புத்தகத்தில் வருகிற ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு முகமாகத்தான் ஞாபகம் வரும்.

ஆனால் உண்மையான லாபம் மேனேஜ்மென்ட் பேப்பரில் இல்லை, ரிசர்ச்சில் இருக்கிறது என்பது என் கருத்து. நம் ஊர் எம்.எஸ்சி. டிசர்டேஷன்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே தலைப்புதான்: இன்னதைப் பற்றிய அறிவில் ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமின் பலனைக் கண்டறியும் ஆய்வு. ஒரு கேள்வித்தாள் கொடுத்து பிரீ டெஸ்ட், முக்கால் மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட். மார்க் கூடத்தான் செய்யும், இதற்கு எதற்கு டி டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கு? அப்படி ஒன்றைச் செய்துவிட்டு வந்தால் நீங்கள் கேட்ட தலைமைத்துவம் எதுவும் வராது.

அதற்குப் பதிலாக உங்கள் வார்டுத் தொந்தரவு ஒன்றையே தலைப்பாக எடுங்கள். பெட் சோர் (படுக்கைப் புண்) எடுத்தால், அது வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள், 6 முதல் 23 வரை மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஆபத்து என்று வைக்கிறோம். நம் வார்டுகளில் அட்மிஷன் அன்று ஒருமுறை போட்டுவிட்டு அப்புறம் அதே எண்ணை தினமும் காப்பி செய்வது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஏன் காப்பி செய்கிறார்கள்? ஆள் இல்லையா, நம்பிக்கை இல்லையா, போட்டாலும் யாரும் பார்ப்பதில்லை என்பதாலா? இதைக் கண்டுபிடித்து, ஒன்றை மாற்றிப் பார்த்து, மாறியதா என்று அளந்து, அதற்கு நாலு ஜூனியரையும் ஒரு சர்ஜனையும் சம்மதிக்க வைத்து, எத்திக்ஸ் கமிட்டியில் நின்று பதில் சொல்லி முடிக்கும்போது, தலைமைத்துவம் என்று தனியாக வகுப்பு வேண்டியிருக்காது. அந்தக் குவாலிட்டி தம்பியின் கிராஃபை உங்களால் படிக்கவும் முடியும், அது தவறாக இருந்தால் எங்கே தவறு என்று காட்டவும் முடியும்.

ஆய்வை வழிநடத்தும் கைடு ஒத்துக்கொள்ள வேண்டும், அது ஒரு சிக்கல். "சாம்பிள் 60 போதும், சீக்கிரம் முடி" என்பவர்களும் இருக்கிறார்கள். கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அங்கே படுக்கை நிறைந்திருக்கிறதா, போன வருட மாணவர்களின் டிசர்டேஷன் தலைப்புகள் என்ன என்று பாருங்கள். நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். "வராமலே அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.


ஐசியு_தம்பி எழுதியது:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் படித்து முடித்து வெளியே வந்தவன் கதையையும் கேளுங்கள் அக்கா. நான் மெடிக்கல் சர்ஜிக்கல் எம்.எஸ்சி., கிரிட்டிக்கல் கேர். ஏற்கெனவே வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தேன். பெயர் வேண்டாம். "படித்துவிட்டு வாங்க, பெரிய பொறுப்பு இருக்கு" என்று அனுப்பியவர் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். புது எச்.ஆர். பழைய சம்பளத்தோடு ஒரு சின்னத் தொகையைச் சேர்த்து, அதே ஐசியுவில் அதே ஷிஃப்டில் போட்டார். என் ஜூனியர், பி.எஸ்சி., எனக்கு டீம் லீடர். அவன் நல்ல பையன்தான், அது வேறு விஷயம்.

அதனால் வாய்வழியாகச் சொன்னதை நம்பி வேலையை விடாதீர்கள். இரண்டு வருடச் சம்பளம் போகும், பீஸ் வேறு. எந்தப் பதவி, என்ன சம்பளம், படிக்கும் காலம் லீவா ராஜினாமாவா, திரும்பி வந்தால் சர்வீஸ் தொடருமா, இவ்வளவையும் ஒரு கடிதமாகக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். படித்த பிறகு இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று பாண்டு (ஒப்பந்தம்) போடச் சொன்னால் முழுக்கப் படித்துப் பாருங்கள், அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும்.

நர்ஸ் பிராக்டிஷனர் கேட்டீர்களே. இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 வாக்கில் கொண்டுவந்த கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு வருடம், ரெசிடென்சி முறை, பெரும்பகுதி ஐசியுவிலேயே நடக்கும். ஒரு வருடமாவது வேலை அனுபவம் வேண்டும், அது கிரிட்டிக்கல் கேரில் இருந்தால் நல்லது என்பார்கள், நீங்கள் வார்டு என்பதால் அது கொஞ்சம் இடிக்கலாம். படிப்பு அருமையான படிப்பு, எங்கள் ஐசியுவில் ஒருவர் இருக்கிறார், வென்டிலேட்டர் பக்கத்தில் அவர் நின்றால் ரெசிடென்ட் டாக்டரே கேட்டுக்கொள்வார். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பதவியே எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. பட்டம் அது, பேட்ஜில் இருப்பது ஸ்டாஃப் நர்ஸ்.

ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் மட்டும் போதும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை மேலாண்மைக்கு ஒரு முதுகலை டிப்ளோமா உண்டு, அஞ்சல் வழிதான், வேலையை விட வேண்டாம். பணம், பொருள், திட்டம் எல்லாம் ஓரளவு புரியும். ஆனால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பதவிக்கு எம்.எஸ்சி. நர்சிங்கைத்தான் பார்க்கிறார்கள், அதனால் உங்கள் விஷயத்தில் அது துணைப் படிப்பாகத்தான் ஆகும்.


கல்லூரி_டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒரு கேள்வி. திரும்பி வந்ததும் ஐசியுவில் நீங்களாக எதையாவது எடுத்துச் செய்தீர்களா, இல்லை பதவி வரட்டும் என்று இருந்தீர்களா? குத்திக் காட்டக் கேட்கவில்லை, என் மாணவர்கள் எல்லோரிடமும் கேட்பதுதான்.


ஐசியு_தம்பி எழுதியது:

செய்தேன் டீச்சர். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை அடுத்த நர்சிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரை எடுத்தேன். நோயாளிக்கு இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீ என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரியில் சொல்லும் எஸ்.பி.ஏ.ஆர். முறையைப் படுக்கை பக்கத்திலேயே நின்று சொல்லப் பழக்கினோம். முன்பு நர்சிங் ஸ்டேஷனில் நின்று "பெட் 4 அதேதான்" என்று போய்விடுவார்கள். இப்போது இன்ஃப்யூஷன் பம்ப்பில் ஓடும் அளவை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாறுகிறார்கள். முதல் இரண்டு வாரம் எல்லோரும் திட்டினார்கள், வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று. அப்புறம் பழகிவிட்டது. சம்பளம் அதேதான், ஆனால் இப்போது புது ஆட்களை என்னிடம்தான் அனுப்புகிறார்கள், டாக்டர்கள் ரவுண்ட்ஸில் என்னைத்தான் கேட்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் டீச்சர், பொறுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்பதை நாம் "தலைமைத்துவம்" என்று பெயர் வைத்துச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.


ஓய்வுபெற்ற_மேட்ரன் எழுதியது:

கடைசி வரிக்கு என் ஓட்டு.


லீட்ஸ்_நாகர்கோவில் எழுதியது:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், ஊர் நாகர்கோவில். அக்காவின் கேள்வி மதுரையைப் பற்றியது, அதனால் இங்கே வாருங்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே படிக்கும் முறையில் அங்கேயும் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

என்.எச்.எஸ். என்ற இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையில் பேண்ட் (பதவி, சம்பளப் படி) 5இல் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கி, 6இல் ஜூனியர் சிஸ்டர், 7இல் வார்டு மேனேஜர், அதற்கு மேல் 8இல் மேட்ரன் என்று ஏறும். மூப்புக்கு இங்கே மதிப்பு கிடையாது, ஒவ்வொரு படிக்கும் விண்ணப்பம், இன்டர்வியூ. அங்கே 10, 15 வருடம் இன்சார்ஜாக இருந்த அக்காமார்கள் இங்கே பேண்ட் 5இல் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். வேலை தெரியாமல் இல்லை. இன்டர்வியூவில் "ஒரு மாற்றத்தை நீங்கள் எப்படிக் கொண்டுவந்தீர்கள்" என்று கேட்டால், "நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். நம்மை அப்படித்தானே வளர்த்தார்கள்.

நான் வேலையில் இருந்துகொண்டே முதுகலைச் சான்றிதழ் படித்தேன். இங்கே முழு எம்.எஸ்சி. 180 கிரெடிட், 60 முடித்தால் சான்றிதழ், 120 முடித்தால் டிப்ளோமா. அதனால் பாதியில் நிறுத்தினாலும் கையில் ஏதாவது இருக்கும். விசாவில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள், அது கழுத்தை நெரிக்கும் தொகை. அதனால் வார்டு மேனேஜரிடம் பேசி, வேலை தரும் டிரஸ்டே (மருத்துவமனையை நடத்தும் அமைப்பு) பணம் கட்டும் மாடியூல்களாக, அதாவது தனித்தனிப் பாடப் பகுதிகளாக, பார்த்து எடுத்தேன். தலைமைத்துவ மாடியூலில் பரீட்சையே கிடையாது. உன் வார்டில் ஒன்றை மாற்று, அதைப் பற்றி எழுது, அவ்வளவுதான். யாரெல்லாம் பாதிக்கப்படுவார்கள், யாருக்கு அதிகாரம், யார் மௌனமாக எதிர்ப்பார்கள் என்று ஒரு தாளில் வரைந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்புறம் சின்னதாக ஒரு படுக்கையில், ஒரு ஷிஃப்டில் செய்து பார்த்து, அளந்து, திருத்தி, மறுபடி. மேலே இருப்பவர், கூட இருப்பவர், கீழே இருப்பவர் எல்லோரிடமும் உன்னைப் பற்றிக் கருத்துக் கேட்டு வாங்க வேண்டும். என் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் ஒருவர் எழுதியது, "அவசரம் என்றால் இவர் எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டுத் தானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்". படித்ததும் கோபம் வந்தது. ஆனால் அது கை வேலையில் கெட்டிக்காரர்களான நம் எல்லோருக்கும் உள்ள குணம்தான். வேகமாகச் செய்யத் தெரிந்ததால் பிறரைச் செய்யவிட வருவதில்லை.

இங்கே மேம்பட்ட மருத்துவப் பணியாளர் என்ற நிலைக்கு நாலு தூண் சொல்வார்கள்: நோயாளியைப் பார்ப்பது, தலைமையும் நிர்வாகமும், கற்பித்தல், ஆய்வு. முதல் தூணில் நம் ஆட்களை யாரும் அடிக்க முடியாது. மற்ற மூன்றுக்கும் நம்மை யாரும் பழக்கியதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அக்கா, எம்.எஸ்சி. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இந்த 360 டிகிரி கருத்துக் கேட்பதை அடுத்த மாதமே செய்து பாருங்கள். பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், உங்கள் ஆயா அம்மாவையும் சேர்த்து. எழுதத் தெரியாதவர் சொல்வதை வேறொருவர் எழுதட்டும்.


சர்ஜிக்கல்_சிஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி டூட்டியிலிருந்த பிள்ளைகளும் என் போனில் சேர்ந்து படித்தார்கள், மேட்ரன் அம்மா எழுதிய நைட் கதையைப் படித்துவிட்டு "நாமும் எழுதி வைக்கலாமே சிஸ்டர்" என்றார்கள். நேற்றிலிருந்தே ஒரு பழைய ரிஜிஸ்டரில் ஆரம்பித்துவிட்டோம்.

நிர்வாகத்திடம் கடிதம் கேட்டேன். ஜி.எம். சிரித்துக்கொண்டே "நம்பிக்கை இல்லையா சிஸ்டர்" என்றார். நம்பிக்கை இருக்கிறது சார், ஆனால் நீங்கள் மாறுதல் ஆகிப் போய்விட்டால் என்றேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார். பதவி பற்றி எழுதித் தர மாட்டார்கள் என்று தோன்றுகிறது, இரண்டு வருட லீவும் திரும்பி வந்தால் அதே இன்சார்ஜ் நிலையும் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் சேர்ந்துவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்பெஷாலிட்டி மெடிக்கல் சர்ஜிக்கல் எடுத்தால் என் அனுபவம் அப்படியே உதவும். ஆனால் கம்யூனிட்டி ஹெல்த் எடுத்தால் நிர்வாக வேலைக்கு நல்லது என்று ஒரு தோழி சொல்கிறாள். இரண்டாவது, நர்சிங் கவுன்சிலே மாறப்போகிறது என்கிறார்களே, நான் படிக்கிற பட்டம் செல்லுமா?


கல்லூரி_டீச்சர் எழுதியது:

மெடிக்கல் சர்ஜிக்கலே எடுங்கள் சிஸ்டர். அதற்குள் ஆன்காலஜி, ஆர்த்தோ, நெஃப்ரோ யூரோ, கார்டியோ தொராசிக் என்று உட்பிரிவு வரும், உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷன் அதிகமோ அதை எடுத்தால் திரும்பி வந்ததும் சர்ஜன்கள் உங்களைத் தேடுவார்கள். கம்யூனிட்டி நல்ல ஸ்பெஷாலிட்டி, திட்டம் போடவும் மக்களோடு பேசவும் அதைப்போலக் கற்றுத்தருவது வேறில்லை. ஆனால் அதன் வேலை இடம் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊரும். உங்கள் வார்டுக்கு வந்து நிற்கும்போது அந்த அதிகாரம் பாதியாகத்தான் செல்லும். ஜூனியர்கள் முதலில் பார்ப்பது நமக்கு வேலை தெரியுமா என்பதைத்தான்.

இரண்டாவது சந்தேகத்துக்கு: 1947ஆம் வருடத்து இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதற்காக அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்த பட்டம் செல்லாமல் போகாது. நீங்கள் பார்க்க வேண்டியது கல்லூரியின் எம்.எஸ்சி. சீட்டுக்கு அந்த வருடத்துக்கான அங்கீகாரமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்பதைத்தான். பி.எஸ்சி.க்கு இருக்கும், எம்.எஸ்சி.க்கு இருக்காது, அல்லது ஒரு ஸ்பெஷாலிட்டிக்கு இருந்து இன்னொன்றுக்கு இருக்காது, அதனால் நீங்கள் சேரும் ஸ்பெஷாலிட்டியின் பெயரோடு பாருங்கள். கல்லூரி காட்டும் ஜெராக்ஸை மட்டும் நம்ப வேண்டாம், இணையத்தில் பட்டியல் கிடைக்கிறது.


ஐசியு_தம்பி எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் எம்.எஸ்சி.யைக் கூடுதல் தகுதியாகப் பதிந்துவிடுங்கள் அக்கா. பலர் கான்வகேஷன் வரட்டும் என்று விட்டுவிட்டு, வேலைக்கோ வெளிநாட்டுக்கோ கேட்கும்போதுதான் ஓடுகிறார்கள். அப்புறம் அந்தப் பழைய ரிஜிஸ்டரில் எழுத ஆரம்பித்தீர்களே, தேதியும் ஷிஃப்டும் நோயாளி எண்ணிக்கையும் தவறாமல் போடுங்கள், நோயாளி பெயர் மட்டும் வேண்டாம். டிசர்டேஷனுக்குத் தலைப்புத் தேடும்போது அது கையிலிருந்தால் கைடிடம் பேசச் சுலபமாக இருக்கும்.